புது ஏபிபிக்கு ஒரு முழு வழிகாட்டி: கேஸ் கட்டு கைக்கு வந்ததிலிருந்து தீர்ப்புக்கு மறுநாள் வரை

தேர்வில் தேறி, பயிற்சியும் முடிந்து, தமிழ்நாட்டில் ஏதோ ஒரு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் அரசு உதவி வழக்கு நடத்துநராக (ஏபிபி) பொறுப்பேற்கிறீர்கள். முதல் நாள் காலையிலேயே கோர்ட் கான்ஸ்டபிள் வந்து ஒரு அடுக்கு சிடி பைலை (வழக்கு நாட்குறிப்புக் கட்டுகளை) மேஜையில் வைத்துவிட்டு, "அய்யா, இன்னைக்கு நாலு கேஸுல சாட்சி வந்திருக்கு" என்பார். நாலில் ஒன்றைக்கூட நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். நீதிபதி வர அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது, அடுத்த வாரம் அந்த நிலை வராமல் இருக்க என்ன செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சட்டக் கல்லூரியில் இது சொல்லித்தரப்படுவதில்லை, சீனியர்களும் கேட்டால்தான் சொல்வார்கள்.

படி 1: யாருக்காக நிற்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஸ்டேஷனில் உங்களை "நம்ம ஏபிபி" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் நீங்கள் காவல்துறையின் வழக்கறிஞர் இல்லை. வழக்கு நடத்தும் அமைப்பு காவல்துறையிலிருந்து தனியாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. வழக்குத் தொடர்வு இயக்ககத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 25ஏ என்று ஒரு பிரிவு வந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பிஎன்எஸ்எஸ்) அது பிரிவு 20. அதன்படி ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய வழக்குகளைக் கண்காணிப்பது உதவி இயக்குநரின் பொறுப்பு, ஆகவே உங்கள் மேலதிகாரி அவர்தான், இன்ஸ்பெக்டர் இல்லை.

எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற வேட்கை அரசு வழக்கறிஞருக்கு இருக்கக் கூடாது என்று 1999-இல் சிவகுமார் எதிர் ஹுக்கும் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜெசிகா லால் கொலை வழக்கின் 2010 தீர்ப்பிலும் இதைப் பேசியது, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமான ஆவணத்தை மறைக்காமல் முன்வைப்பதும் நம் கடமை என்பதையும் சேர்த்து. இதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், நடைமுறையில் இது தினமும் வரும். கட்டில் ஒரு சாட்சியின் வாக்குமூலம் எதிரிக்கு உதவுகிறது, அதைக் குற்றப்பத்திரிகையோடு சேர்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்குக்காகச் சார்ந்து நிற்காத ஆவணங்களின் பட்டியலையும் எதிரிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய முதல் ஆள் நீங்கள்.

படி 2: எந்தச் சட்டம் என்று கட்டின் அட்டையிலேயே எழுதுங்கள்

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள்: குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்), நடைமுறைக்கு பிஎன்எஸ்எஸ், சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (பிஎஸ்ஏ). ஆனால் உங்கள் மேஜையில் இருப்பதில் ஒரு பெரும்பகுதி பழைய வழக்குதான். குற்றம் நடந்த தேதி அதற்கு முன் என்றால் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு. அன்றைக்கு நிலுவையில் இருந்த புலன் விசாரணையும் வழக்கு விசாரணையும் பழைய நடைமுறைச் சட்டப்படியே முடியும், அதைச் சொல்வது பிஎன்எஸ்எஸ் பிரிவு 531. சாட்சியச் சட்டத்துக்கு அதே வேலையைச் செய்வது பிஎஸ்ஏ பிரிவு 170. குழப்பம் வரும் கட்டில் குற்ற தேதி, எஃப்ஐஆர் தேதி இரண்டையும் சிவப்பு மையில் அட்டையில் எழுதி, பக்கத்தில் சட்டத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் அடிதடி எஃப்ஐஆர் என்றால் 294(பி), 323, 324, 506(2) (ஆபாசப் பேச்சு, காயம், ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல்) என்று ஒரே மூச்சில் சொல்வோம். இப்போது அது 296(பி), 115(2), 118(1), 351(3). திருட்டு 379 என்பது 303(2), வீட்டுக்குள் திருட்டு 380 என்பது 305, கவனக்குறைவால் மரணம் 304ஏ என்பது 106(1), கணவன் வீட்டுக் கொடுமை 498ஏ என்பது 85. எண்கள் இரண்டு மாதத்தில் வாயில் வந்துவிடும். எண் மாறியது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, அங்கேதான் தவறு வரும். கொடுங்காயத்துக்குப் பழைய சட்டத்தில் இருபது நாள் கடும் வலி அல்லது அன்றாட வேலையைச் செய்ய முடியாமை என்று இருந்தது, புதிய சட்டத்தின் பிரிவு 116-இல் பதினைந்து நாள். 106(1)-க்குத் தண்டனை ஐந்து ஆண்டு வரை போகிறது, பழையதில் இரண்டு. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாதம் செய்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார்.

படி 3: கட்டைப் படிக்கும் வரிசை

இதுதான் முழு வேலையிலும் முக்கியமானது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பலர் குற்றப்பத்திரிகையைத்தான் முதலில் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் ஸ்டேஷனில் எழுதிய கதை மனதில் உட்கார்ந்துவிடும், பிறகு படிக்கிற எல்லாமே அந்தக் கதைக்குப் பொருந்துவதாகத்தான் தோன்றும். குற்றப்பத்திரிகையைக் கடைசியில் வையுங்கள். முதலில் புகார் மனு, எஃப்ஐஆர். அடுத்து மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, நாம் ஏஆர் காப்பி என்போமே அது. அப்புறம் காயச் சான்றிதழ். பிறகு பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துச் சாட்சிகள் முன் எழுதியது), மாதிரி வரைபடம், பறிமுதல் மகஜர், படிவம் 95 (பறிமுதல் பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம்). அதற்குப் பிறகே சாட்சிகளின் வாக்குமூலம். ஒப்புதல் வாக்குமூலம் அதற்கும் பின்னால்.

ஏன் இந்த வரிசை? ஒரு வாய்க்கால் தகராறை எடுத்துக்கொள்வோம். மடையைத் திறந்துவிட்டது யார் என்பதில் சண்டை, மூன்று எதிரிகள், 1-ஆம் எதிரி அரிவாளால் இடது முன்கையில் வெட்டினார் என்று எஃப்ஐஆர். அது பதிவானது மறுநாள் காலை. ஆனால் முதல் நாள் இரவே அரசு மருத்துவமனையில் காயம்பட்டவர் டாக்டரிடம் சொன்னது ஏஆர் காப்பியில் இருக்கிறது: தெரிந்த இரண்டு பேர் கட்டையால் தாக்கினார்கள். மூன்று பேர் இரண்டாகிவிட்டது, அரிவாள் கட்டையாகிவிட்டது. இந்த இரண்டு காகிதத்தையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் இது கண்ணில் படும். எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் இப்படித்தான் படிப்பார்.

பார்த்துவிட்டால் என்ன செய்வது? மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. காரணம் தேடுங்கள். டாக்டரிடம் சொன்னது காயம்பட்டவரா, அழைத்து வந்தவரா? அவர் அப்போது எந்த நிலையில் இருந்தார்? காயத்தின் விவரிப்பில் ஓரங்கள் சீராக வெட்டுப்பட்டவையா, நசுங்கிக் கிழிந்தவையா? நசுங்கிய காயம் என்றால் அரிவாள் கதையே சந்தேகத்துக்குரியது, ஆயுதம் ஸ்டேஷனில் சேர்ந்துகொண்டதாகக்கூட இருக்கலாம். அப்படி உங்களுக்குத் தோன்றினால் அதைப் புலன் விசாரணை அதிகாரியிடம் நேரடியாகக் கேளுங்கள், கேட்டதையும் அவர் சொன்னதையும் உங்கள் குறிப்பில் எழுதிவையுங்கள்.

படித்து முடித்ததும் கட்டுக்கு ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். இடது பக்கம் நேரக் கோடு: சம்பவம் எப்போது, மருத்துவமனைக்கு எப்போது, எஃப்ஐஆர் எப்போது, அது நடுவரிடம் எப்போது போய்ச் சேர்ந்தது, கைது எப்போது, பறிமுதல் எப்போது. வலது பக்கம் நிரூபிக்க வேண்டிய கூறு ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தச் சாட்சி, எந்த ஆவணம். எதிரே எதுவும் எழுத முடியாத கூறு இருந்தால் அதுதான் உங்கள் வழக்கின் ஓட்டை. முதல் நாள் காலை அந்த அரை மணி நேரத்திலும் இதைத்தான் செய்ய வேண்டும், முழுக் கட்டையும் புரட்டப் பார்க்காமல் அன்று வந்திருக்கும் சாட்சிகளுக்கு உரிய பக்கங்களை மட்டும் வைத்து.

படி 4: இறுதி அறிக்கை தாக்கலாகும் முன்பே பிடிக்க வேண்டியவை

வரைவுக் குற்றப்பத்திரிகை உங்கள் கருத்துக்கு வரும்போது கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். ஓட்டையை அடைக்க முடிவது இந்தக் கட்டத்தில் மட்டும்தான், கோர்ட்டில் வழக்குக்கு எண் விழுந்த பிறகு உங்கள் கை கட்டப்பட்டுவிடும்.

எலும்பு முறிவு என்று காயச் சான்றிதழ் சொல்கிறதா, எக்ஸ்ரே படம் எங்கே, அதைப் பார்த்துக் கருத்துச் சொன்ன கதிரியக்க மருத்துவர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். இது இல்லாமல் கொடுங்காயம் நிற்காது. சிசிடிவி பதிவு இருக்கிறதா, பிஎஸ்ஏ பிரிவு 63-இன் சான்றிதழ் வேண்டும். அட்டவணையில் இருக்கும் படிவத்தின் இரண்டு பகுதியும் நிரப்பி, ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு). பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகும் பென்டிரைவை மட்டும் கவரில் போட்டு அனுப்புகிறார்கள். புதிய வழக்குகளில் சோதனையும் பறிமுதலும் ஒலி ஒளிப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், பிஎன்எஸ்எஸ் பிரிவு 105 (இனி சட்டத்தின் பெயர் இல்லாமல் வரும் நடைமுறைப் பிரிவுகள் எல்லாம் இந்தச் சட்டத்தவை). ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போனாரா என்பதையும் கேளுங்கள், அது பிரிவு 176(3).

அரசு ஊழியரின் உத்தரவை மீறியது என்று பழைய 188, இப்போதைய பிஎன்எஸ் 223, எஃப்ஐஆரில் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் குற்றத்துக்கு சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் விசாரணைக்கு எடுக்க முடியும், போலீஸ் அறிக்கையின் பேரில் முடியாது (பிரிவு 215). அதேபோல 296(பி). கெட்ட வார்த்தை சொன்னார் என்பதாலேயே அந்தக் குற்றம் ஆகிவிடாது, ஆபாசமும் வேண்டும், பொது இடமும் வேண்டும், கேட்டவருக்கு அதனால் தொந்தரவு ஏற்பட்டதும் வேண்டும். என்ன வார்த்தை என்றே வாக்குமூலத்தில் இல்லாவிட்டால் அந்தப் பிரிவை எடுத்துவிடச் சொல்லுங்கள். தேவையில்லாத பிரிவு ஒன்று விழும்போது நல்ல பிரிவின் மீதும் நீதிபதிக்கு நம்பிக்கை குறைகிறது.

நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுப்பதற்கான காலவரம்பையும் பாருங்கள். அபராதம் மட்டுமே என்றால் ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு, மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு. புதிய சட்டத்தின் பிரிவு 514-இல் எஃப்ஐஆர் பதிவான தேதியே கணக்கு என்று விளக்கம் வந்துவிட்டது, பழைய சட்டத்து வழக்குகளில்தான் இது கழுத்தைப் பிடிக்கும்.

படி 5: ஜாமீன் மனுக்கள்

எல்லா மனுவுக்கும் "கடும் ஆட்சேபணை" என்று எழுதிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் உங்கள் ஆட்சேபணைக்கு மதிப்பே இருக்காது. ஏழு ஆண்டு வரையிலான தண்டனைக் குற்றங்களில் கைதே தேவைதானா என்று கேட்கச் சொன்னது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு, அதன் மனநிலையை உள்வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்க்க வேண்டிய வழக்கில் காரணத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: முந்தைய வழக்கு எண்கள், அவை எந்த நிலையில் உள்ளன, எந்தச் சாட்சிக்கு மிரட்டல் வந்தது, எந்தப் பொருள் இன்னும் மீட்கப்படவில்லை. எதிர்க்க வேண்டியதில்லை என்றால் நிபந்தனை என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், அதைக் காயம்பட்டவரிடமும் கேட்டுவிட்டு. 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராமல் எதிரி மனு போட்டுவிட்டால் அது அவருடைய உரிமை. அங்கே வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தத் தேதியைப் பத்து நாள் முன்பே ஸ்டேஷனுக்கு நினைவுபடுத்துவதுதான் உங்கள் வேலை.

படி 6: குற்றச்சாட்டு வனைதல்

எதிரி மீதான குற்றச்சாட்டை நீதிமன்றம் எழுத்தில் வகுக்கும் கட்டம் இது, பலர் இதை நீதிமன்ற ஊழியர் தட்டச்சு செய்யும் சடங்காக விட்டுவிடுகிறார்கள். வேண்டாம். யார், எப்போது, எங்கே, எதால், யாரை, எந்தப் பொது எண்ணத்தோடு என்பது குற்றச்சாட்டில் சரியாக இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். நம் வாய்க்கால் வழக்கில் 2-ஆம், 3-ஆம் எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு என்றால் அது அந்தச் சொற்களிலேயே வர வேண்டும். புதிய நடைமுறையில் எதிரி விடுவிப்பு மனு (விசாரணைக்கு முன்பே தன்னை விடுவிக்கக் கேட்பது) போட, நகல் கிடைத்ததிலிருந்து 60 நாள்தான் (பிரிவு 262). அதற்குப் பதில் தயாராக வைத்திருங்கள்.

படி 7: சாட்சி என்கிற மனிதர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு ஒரு செயின் பறிப்பு வழக்கு. கூலி வேலை செய்யும் ஒரு அம்மாதான் முக்கிய சாட்சி. முதல் வாய்தாவில் நீதிபதி விடுப்பு. இரண்டாவதில் எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டார்கள், நான் "ஆட்சேபணை இல்லை" என்றேன், அன்றைக்கு எனக்கும் கட்டைப் படிக்க நேரம் கிடைத்திருக்கவில்லை. மூன்றாவதில் வக்கீல்கள் புறக்கணிப்பு. நான்காவது முறை கூண்டில் ஏறி நின்று "எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்லைய்யா" என்றார். அவரை யாரும் விலைக்கு வாங்கவில்லை, மிரட்டவும் இல்லை. நான்கு நாள் கூலி போய்விட்டது, ஐந்தாவது நாள் போகக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான். வெளியே வந்த பிறகு என்னிடம் அப்படியே சொன்னார். இரண்டாவது வாய்தாவில் நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், சாட்சி வந்த நாளில் அவரை விசாரித்தே அனுப்புவதற்கு உங்கள் முழு பலத்தையும் போடுங்கள். சாட்சி வந்திருக்கும்போது ஒத்திவைப்புக்கு எளிதில் இடமில்லை, புதிய சட்டத்தின் 346-ஆம் பிரிவும் இரண்டு ஒத்திவைப்புக்கு மேல் கூடாது என்கிறது. முதல் விசாரணைக்கும் (நம் சாட்சியை நாமே விசாரிப்பது) குறுக்கு விசாரணைக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி விடுவது சாட்சியைக் கெடுத்துவிடும் என்று 2015-இல் வினோத் குமார் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் மிகுந்த வேதனையோடு எழுதியிருக்கிறது, அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சேபணை சொல்லுங்கள். சாட்சிக்கு நீதிமன்றம் செலவுப் படி வழங்கலாம், பிரிவு 350. கேட்டால்தான் கிடைக்கும், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

காலையில் சாட்சியைச் சந்திக்கும்போது முதலில் உட்காரச் சொல்லுங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். கூண்டு எங்கே, யார் எங்கே நிற்பார்கள், எதிர்த்தரப்பு வக்கீல் சத்தமாகக் கேட்டால் பயப்பட வேண்டாம், கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்றே சொல்லலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்பதையெல்லாம் விளக்குங்கள். பிறகு "என்ன நடந்துச்சுன்னு உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். சொல்லிக்கொடுக்காதீர்கள். வாக்குமூலத்தில் ஒன்று, இவர் சொல்வது வேறொன்று என்றால் அதை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, கூண்டில் வைத்துத் தெரிந்துகொள்வதைவிட. சொல்லிக்கொடுத்த சாட்சி குறுக்கு விசாரணையின் மூன்றாவது கேள்வியிலேயே உடைந்துவிடுவார், அதைவிட அது தவறு. மிரட்டல் இருக்கிறது என்றால் 2018-இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, அதன்படி மனு போடுங்கள்.

படி 8: முதல் விசாரணை

குறிப்பால் உணர்த்தும் கேள்வி கூடாது என்பது தெரியும். "1-ஆம் எதிரி அரிவாளால் வெட்டினாரா?" என்று கேட்டு "ஆமா" என்று வாங்கும் சாட்சியத்துக்கு எடை இல்லை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற கேள்வி போல உதவுவது வேறில்லை. பெயர், ஊர், தொழில் போன்ற தகராறு இல்லாத விஷயங்களுக்கு மட்டும் நீதிமன்ற அனுமதியோடு நேராகக் கேட்டுக் கடந்துவிடலாம்.

வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு தூரம், எதிரியை முன்பே தெரியுமா, யார் எதால் எங்கே அடித்தார்கள் என்று ஒவ்வொன்றாக வாங்குங்கள். எதிரியைக் கூண்டில் அடையாளம் காட்டச் சொல்ல மறக்காதீர்கள். ஆயுதத்தைச் சா.பொ. (சான்றுப் பொருள்) எண்ணோடு காட்டி அடையாளம் வாங்குங்கள், அதற்குப் பொருள் அன்று கோர்ட்டில் இருக்க வேண்டும், முந்தைய நாளே சொத்து அறைக்குச் சொல்லிவிடுங்கள். ஏஆர் காப்பி முரண்பாட்டை எதிர்த்தரப்பு கேட்கும்வரை காத்திருக்காமல் "ஆஸ்பத்திரியில் டாக்டர்கிட்ட பேசினது யாரு?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். உண்மையான காரணம் இருந்தால் அது இயல்பாக வெளிவரும்.

பதிவாகும் வாக்கியத்தைக் கூர்ந்து கேளுங்கள். சாட்சி "அவன் என்னைப் புடிச்சுக்கிட்டான்" என்று சொல்வது தட்டச்சில் "எதிரிகள் என்னைத் தாக்கினார்கள்" என்று ஆகிவிடும். 2-ஆம் எதிரியின் செயல் காணாமல் போய்விடும். எழுந்து பணிவாகத் திருத்தச் சொல்லுங்கள். இதற்காக நீதிபதி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

படி 9: பிறழ் சாட்சி

சாட்சி மாறிப் பேசினால் பதற்றப்படாதீர்கள், கோபமும் படாதீர்கள். அவரை நீங்களே குறுக்கு விசாரணை செய்ய பிஎஸ்ஏ பிரிவு 157-இன் கீழ் அனுமதி கேளுங்கள். கிடைத்ததும் முழு வாக்குமூலத்தையும் மொத்தமாகக் காட்டி "இப்படிச் சொன்னீர்களா?" என்று கேட்டு "இல்லை" என்று பதிவு செய்துகொண்டு உட்கார்ந்துவிடுவதுதான் நம் கோர்ட்டுகளில் அடிக்கடி நடக்கிறது. அதனால் பயன் இல்லை. முரணான பகுதியை மட்டும் தனியாகப் படித்துக் காட்டி, பிரிவு 148-இன்படி அவர் கவனத்துக்குக் கொண்டுவந்து, பதிலை வாங்கி, பிறகு புலன் விசாரணை அதிகாரியை விசாரிக்கும்போது அந்தப் பகுதியை அவர் மூலம் நிரூபிக்க வேண்டும். இரண்டாவது பாதியைச் செய்யாவிட்டால் முதல் பாதி வீண்.

இன்னொன்று, பிறழ்ந்த சாட்சியின் சாட்சியம் முழுவதும் குப்பைக்குப் போவதில்லை, நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று 1975-இல் சத்பால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சம்பவம் நடந்தது, தான் அங்கே இருந்தேன், காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன் என்பதுவரை அவர் ஒப்புக்கொள்வாரா என்று பாருங்கள். அதுவே மற்றொரு சாட்சிக்குத் தாங்குகோலாகும்.

படி 10: மகஜர் சாட்சி, டாக்டர், அதிகாரி

மகஜர் சாட்சிகள் பெரும்பாலும் "ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டேன்" என்பார்கள், கிராம நிர்வாக அலுவலர் ஓரளவு நிற்பார். ஒப்புதல் வாக்குமூலத்தில் பொருள் கண்டுபிடிக்கப்பட வழிவகுத்த பகுதி மட்டும்தான் செல்லும், 1946-இல் பிரிவி கவுன்சில் புலுகுரி கோட்டையா வழக்கில் போட்ட கோடு இன்றும் அதேதான், பிஎஸ்ஏ பிரிவு 23-இன் வரம்பு விதியாக. அந்தப் பகுதியை மட்டும் சான்றாவணமாகக் குறியீடு செய்யுங்கள்.

டாக்டர்கள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். சம்மன் பழைய மருத்துவமனைக்கே போய்த் திரும்பி வரும். இப்போது எங்கே பணியில் இருக்கிறார் என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள், காணொலி வழி விசாரணைக்கும் கேட்கலாம். அதிகாரியை விசாரிக்கும் முன் உங்கள் ஒரு தாளை எடுத்து அவரோடு ஒருமுறை உட்காருங்கள்.

எதிரியிடம் பிஎன்எஸ்எஸ் 351-இன் கீழ் நீதிமன்றம் கேட்கும் கேள்விகளையும் சரிபாருங்கள், பழைய 313. ஒரு முக்கிய சான்றை எதிரியிடம் கேட்காமல் விட்டுவிட்டால் அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்துவதில் சிக்கல் வரும். கேள்விகளைத் தயாரிக்க அரசுத் தரப்பின் உதவியை நீதிமன்றம் பெறலாம் என்று சட்டமே சொல்கிறது, நீங்களே வரைவு கொடுங்கள்.

படி 11: சமரசம், வாபஸ்

ஒரே ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள், திருவிழாவுக்குள் சமாதானம் ஆகிவிட்டார்கள். பிரிவு 359-இல் சமரசத்துக்கு உரியது என்றால் தடையாக நிற்காதீர்கள், ஆனால் காயம்பட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு மனசார ஒத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள், குறிப்பாகப் பெண்களை, பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது. வழக்கை வாபஸ் வாங்குவது வேறு. பிரிவு 360-இல் அந்த முடிவு உங்களுடையது, மேலிருந்து வந்த கடிதத்தை அப்படியே மனுவாக்குவது ஆகாது. பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கவும் முடியாது.

படி 12: வாதமும் தீர்ப்பும் அதற்கு மறுநாளும்

எழுத்துப்பூர்வ வாதம் இரண்டு மூன்று பக்கம் போதும். கூறு, அதை நிரூபித்த சாட்சி, பக்க எண். பலவீனத்தை ஒளிக்காமல் அதற்கான பதிலோடு எழுதுங்கள். தண்டனை கொடுக்கப்பட்டால் பிரிவு 395-இன் கீழ் இழப்பீடு கேளுங்கள். நாம் கேட்காததாலேயே காயம்பட்டவர் வெறுங்கையோடு போகிறார்.

விடுதலை ஆனால் அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். மறுநாள் காலை, மனசு ஆறியிருக்கும்போது, தீர்ப்பை மீண்டும் படியுங்கள். நீதிபதி சொன்னது சரி என்றால் மேல்முறையீட்டுக்குத் தகுதியில்லை என்று கருத்து எழுதுங்கள், எங்கே புலன் விசாரணை தவறியது, எங்கே நீங்கள் தவறினீர்கள் என்பதையும் சேர்த்து. 2014-இல் கிஷன்பாய் வழக்கில் ஒவ்வொரு விடுதலையையும் இப்படி ஆராய ஒரு நிலைக்குழு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்காகத்தான். தீர்ப்பு தவறு என்றால் காரணங்களோடு கருத்தை அனுப்புங்கள். பிணையில் விட இயலாத, பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தில் நடுவர் நீதிமன்றம் விடுதலை செய்திருந்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவின் பேரில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகும் (பிரிவு 419). அரசுக்கு 90 நாள். ஆனால் கோப்பு பல மேஜைகளைத் தாண்ட வேண்டும், உங்கள் மேஜையில் ஒரு வாரத்துக்கு மேல் அது இருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது, பிரிவு 413. அது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஸ்டேஷன் மூலம் சொல்லி அனுப்பாமல், நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.